கட்டிலைத் தூக்கிக் காட்டுகிறவர்

ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் மோட்டார்ஹோம்கள் வந்து குவியும்போது, காபி குடிக்க வந்தவரையும் நாயைத் தேடி வந்தவரையும் நேரே படுக்கையறைக்கு இழுத்துப் போகிறவர் ஒருவர் இருப்பார். தப்பாக நினைக்காதீர்கள். பின்பக்க டீசல் எஞ்சின் வைத்த வண்டிகள் பலவற்றில் எஞ்சினைப் பார்க்கக் கட்டிலைத்தான் தூக்க வேண்டும். மனைவி படுத்திருந்தால் தலையணையோடு எழுந்து ஓரமாக நிற்பார். கோபப்படும் கட்டத்தையெல்லாம் அந்த அம்மாள் தாண்டியாயிற்று. உள்ளே பிசுக்கேறிக் கிடக்கும் ஹைட்ராலிக் பம்பின் மேல் டார்ச் அடித்து, "இவன்தான் திருடன். ரேடியேட்டர் விசிறியைச் சுற்ற 20 எச்.பி. தின்கிறான். கழற்றி எறிந்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடப் போகிறேன்" என்பார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். அடுத்த வருஷமும் கட்டில் தூக்கப்படும்.

அவர் சொல்லும் கணக்கு பொய்யில்லை, பாதிக் கணக்கு. விசிறியின் வேகம் பாதியானால் அது கேட்கும் திறன் எட்டில் ஒன்றாகிவிடும். சூட்டைப் பார்த்து வேகத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியில், சமவெளியில் போகும்போது திருடன் ஏறக்குறைய தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான். 20 எச்.பி. தேவைப்படுவது ஏற்றத்தில். கொலராடோவில் 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப் பாதைக்கு ஏறும்போது எஞ்சின் கொதிக்கும், காற்றோ மெலிந்திருக்கும். அந்த 20 எச்.பி.யை மின்சாரமாகக் கேட்டால் சுமார் 15,000 வாட். 14 வோல்ட்டில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல். 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முக்கி முனகித் தருவது 2,800 வாட், அதாவது நாலு எச்.பி.கூட இல்லை. அந்த ஆல்டர்னேட்டரையும் அதே எஞ்சின்தான் சுற்றுகிறது என்பதைக் கட்டிலைத் தூக்கும் வேகத்தில் மறந்துவிடுகிறார்.

"அமெரிக்க நகரப் பேருந்துகளே எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மாறவில்லையா?" என்று மடக்குவார். பல மாறின; மாறியதற்கு நியாயமும் இருந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து சூடான எஞ்சின்மேல் பட்டால் தீப்பிடிக்கலாம். ஆனால் அவை 24 வோல்ட் வண்டிகள்; பெரிய ஆல்டர்னேட்டரோடு, ஒரே பெரிய விசிறிக்குப் பதிலாகப் பல சிறு விசிறிகளை வரிசையாக வைத்தார்கள். மைல் கணக்கில் மலையேறுவதும் அவற்றின் தினசரி வேலையில்லை. கசிவைப் பற்றிய அவருடைய பயம் மட்டும் முழுக்க நியாயமானது. பல மோட்டார்ஹோம்களில் விசிறிக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஒரே எண்ணெய்த் தொட்டி. ஹோஸ் வெடித்தால் குளிர்ச்சியோடு ஸ்டீயரிங்கின் இலகுவும் போய்விடும். அதற்கு மருந்து புது ஹோஸ்.

இத்தனை ஆராய்ச்சியிலும் அவர் டார்ச் அடிக்காத இடம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் பின்பக்கம் இருக்கும் வண்டிகளில் எஞ்சினின் ப்ரீதர் குழாய் கக்கும் எண்ணெய் ஆவியும் சாலைப் புழுதியும் சேர்ந்து, ரேடியேட்டரை ஒட்டிய இன்டர்கூலரின் எஞ்சினைப் பார்த்த முகத்தில் கரும்பசையாய் அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்றுதான் தெரியும். அடைத்த ஃபின்களுக்குள் எந்த விசிறியாலும் காற்றைத் தள்ள முடியாது. ஆகவே ஐயா, முதலில் அலுமினியத்தை அரிக்காத கரைசல் ஊற்றி, ஃபின் வளையாத அளவுக்குத் தண்ணீர் பீய்ச்சி, உள்பக்கத்தைக் கழுவுங்கள். பழைய ஹோஸ்களை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஏற்றத்தில் சூடேறினால் எலெக்ட்ரிக்கைப் பற்றிப் பேசுவோம்.