திட்டமில்லாத் தம்பதியர்க்கு ஒரு கடற்கரை இலக்கணம்

முன்பதிவு, கால அட்டவணை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஆகிய மூன்றும் இல்லாமல் கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் கடலோரமாகப் போவது திட்டமில்லாப் பயணம் எனப்படும். இதற்கும் ஓர் இலக்கணம் வேண்டும். திட்டமிட்ட பயணத்தில் இருவரில் ஒருவர் திட்டம் போட்டவர் ஆகிறார். மழை பெய்தாலும் உணவகம் பூட்டிக் கிடந்தாலும் பொறுப்பு அவருடையது. மற்றவர் குறை காண்பவர் ஆகிறார். திட்டம் இல்லாதபோது இந்த இரண்டு பதவிகளும் ஒழிந்து இருவரும் சமமாகிறார்கள். இந்தச் சமநிலை கைகூடுவதற்கு ஏற்ற நிலம் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரை. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் வரிசையிலேயே அதை ஆராய்வோம்.

முதல்: நிலமும் பொழுதும்

கார்மெல் ஊரிலிருந்து தெற்கே சான் சிமியோன் வரை ஏறத்தாழ 145 கிலோமீட்டர். முதலாம் எண் நெடுஞ்சாலையின் இந்தப் பகுதி, சிறைக் கைதிகளின் உழைப்பும் சேர்ந்து 1937இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். மலையைக் கடந்து உள்நாட்டுக்குப் போகும் சாலை நடுவில் ஒன்றே ஒன்றுதான். எந்த வழியில் போவது என்ற வாக்குவாதத்துக்கு இங்கே இடமில்லை.

திணைகள் மயங்கலாம், நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பிய விதி. சான்டா லூசியா மலைத்தொடர் அதற்கு விலக்கு. அதன் கோன் பீக் சிகரம் கடலிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,571 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. குறிஞ்சியும் நெய்தலும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அழகுக்குக் காரணமான அதே செங்குத்துதான் ஆபத்துக்கும் காரணம். 2017 மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் நிலச்சரிவு சாலையைப் புதைத்துவிட்டது. வழி மறுபடி திறக்க ஓராண்டுக்கு மேலானது.

பொழுதைப் பற்றித் தம்பதி கவலைப்பட வேண்டாம். இந்நிலத்து உயிர்களுக்குத் தவறாத நாட்காட்டி இருப்பதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒன்று கரையில் காத்திருக்கும்.

கரு: மா, புள், பறை

மாவில் தலையாயது யானைச் சீல். எண்ணெய்க்காக வேட்டையாடி, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். பியெத்ராஸ் பிளாங்காஸ் கரைக்கு அவை 1990இல் தாமாக வந்து சேர்ந்தன. இன்று சாலையோர மரப்பலகை நடைபாதையில் நின்று, கட்டணமில்லாமல் பார்க்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிரசவ காலம். வசந்தத்தில் பெண் சீல்களும் கோடையில் ஆண் சீல்களும் தோல் உரிக்க வருகின்றன. படுத்தபடியே முன்துடுப்பால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும், கண் திறப்பதில்லை. வளர்ந்த ஆண் இரண்டு டன்னுக்கு மேலும் இருக்கலாம். அது மார்பை நிமிர்த்தி, தொங்கும் மூக்கை வாய்க்குள் மடித்து எழுப்பும் முழக்கமே இந்நிலத்தின் பறை.

தாய் நான்கு வாரம் எதுவும் உண்ணாமல் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. ஆண்கள் அலாஸ்கா பக்கமும் பெண்கள் நடுப் பசிபிக்கிலுமாகத் தனித்தனியே இரை தேடுகிறார்கள். இதைக் கேட்டறிந்த தம்பதிக்கு ஒரே வண்டியில் சேர்ந்து வந்திருப்பதன் அருமை புரியும்.

அடுத்தது கடல் நீர்நாய். அதன் அடர்ந்த மயிருக்காக நடந்த வேட்டையில் கலிஃபோர்னியாவில் அடியோடு அழிந்ததாகவே கருதப்பட்டது. பிக்ஸ்பி ஓடையின் முகத்துவாரத்தில் சுமார் 50 மட்டும் பிழைத்திருந்த செய்தி 1938இல் வெளியே தெரிந்தது. இன்று பாயிண்ட் லோபோஸ் பாறைகளில் அமர்ந்து கவனித்தால், மல்லாந்து மிதந்தபடி மார்பில் கல்லை வைத்து அதில் சிப்பியை மோதி உடைக்கும் ஓசை கேட்கும்.

புள், கலிஃபோர்னியா கான்டர். 1987இல் உலகில் எஞ்சியவை 27, அத்தனையும் கூண்டில். அங்கே பெருக்கப்பட்டவை 1997 முதல் பிக் சரில் பறக்கவிடப்பட்டன. சிறகில் எண் அட்டையைப் பார்த்தால் கான்டர்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். பைனாகுலர் இரண்டு வேண்டும். ஒன்றே இருந்தால் பறவை போன பிறகே அது கைமாறும்.

உரி: நடையும் ஊடலும்

ஊடல் மருதத்துக்கு உரியது. எனினும் மலைப்பாதையிலும் தோன்றும். பசி, தாகம், வேகமாக நடப்பவர் முன்னே போய்விடுவது ஆகியவையே காரணங்கள். உணவும் நீரும் முதுகுப்பையில் இருக்கட்டும். மெதுவாக நடப்பவரே முன்னால் போகட்டும். ஒற்றையடிப் பாதையில் இணைந்து நடக்க அதுவே வழி. மும்மூன்று இலையாக விடும் பாய்சன் ஓக் செடி உடம்பில் பட்டால் அரிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். முன்னால் போகிறவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரும்பகுதி வழியில் கைபேசி சிக்னல் கிடையாது. எனவே “அங்கே நிறுத்தலாமா?” என்ற கேள்விக்கு மற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். ரெட்வுட் மர நிழலில் நடக்கும்போதும், மணலில் நேரே விழும் மெக்வே அருவியை மேலிருந்து பார்க்கும்போதும் இந்தப் பேச்சு தொடரும். தம்பதியின் உரிப்பொருள் இதுவே.

புறனடை

திட்டமின்மைக்கும் எல்லை உண்டு. கிளம்பும் நாளில் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் இரவு தங்கத் தடை இருப்பதால், இருட்டுவதற்குள் மான்டெரேயிலோ கேம்ப்ரியாவிலோ அறை எடுத்துவிடுங்கள். வடக்கிலிருந்து தெற்கே போனால் கடல் உங்கள் பக்கம் இருக்கும். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் நிறுத்தி இறங்கலாம்.

எந்த விலங்கையும் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். மேலே சொன்ன மூன்று இனங்களும் மனிதன் கையால் ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியவை. நமக்குத் திட்டம் இல்லாமல் இருக்கலாம். அவற்றின் நாளை நாம் குலைக்கக் கூடாது.