சித்தப்பா, ஒரு புல்லி வேண்டும்

மில்வாக்கி,
பிப்ரவரி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இன்று காலை இங்கே மைனஸ் 18. மூக்குக்குள் இருக்கும் முடி கூட விறைத்துக்கொள்ளும் குளிர்.

போன வாரம் அம்மா உங்களுக்குப் போன் செய்து, "உங்க அண்ணன் பையன் அங்க பீர் காய்ச்சறானாமா" என்று சொன்னதாகவும், நீங்கள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டதாகவும் தகவல் வந்தது. உங்கள் "ம்" எனக்குத் தெரியும். கணபதியில் உள்ள உங்கள் பட்டறையில் லேத் ஓடும்போது நான் கைவைக்கப் போனால் வரும் அதே "ம்". அதனால்தான் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். குற்றச்சாட்டில் பாதி உண்மை. காய்ச்சுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் எடுபிடி.

அவர் முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனதுக்குள் நான் அவருக்கு வைத்த பேர் மேஸ்திரி. இந்த ஊர் பீருக்குப் பேர் போனது. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர் என்று பெரிய பெரிய ஆலைகள் நடத்திய இடம். ஊர் பேஸ்பால் டீமுக்கே 'பீர் காய்ச்சுகிறவர்கள்' என்றுதான் பெயர். ஆனாலும் வீட்டில் காய்ச்சுவது ரொம்ப நாள் சட்ட விரோதமாகத்தான் இருந்திருக்கிறது. 1933-ல் மதுவிலக்கு போனபோது வீட்டில் ஒயின் செய்ய வழிவிட்டவர்கள், பீரை விட்டுவிட்டார்கள். அதற்கு 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை அசைந்து கொடுக்கவில்லை. இப்போது தனி ஆள் வருடத்துக்கு 100 கேலன், ரெண்டு பெரியவர்கள் இருக்கும் வீடென்றால் 200 கேலன், அதாவது கிட்டத்தட்ட 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லுங்கள். 757 என்ற எண்ணை மட்டும் சொல்ல வேண்டாம்.

எனக்கு இந்த ஆளோடு சகவாசம் வந்தது பீரால் இல்லை, கக்கூஸால். வந்த புதிதில் ஃப்ளஷ் தொட்டி நிற்காமல் ஒழுகியது. நம் ஊர் பழக்கத்தில் "ஒரு ஆளைக் கூப்பிடலாம்" என்று விசாரித்தேன். குழாய்க்காரர் வாசலில் கால் வைக்கவே கேட்ட தொகையில் நீங்கள் பட்டறைக்கு ஒரு மாத வாடகை கட்டலாம். மேஸ்திரி வந்து தொட்டி மூடியைத் திறந்தார், கையைவிட்டு ஒரு ரப்பர் மூடியைப் பிடுங்கினார், "இதே மாதிரி கடையில் வாங்கு" என்றார். பத்து டாலர் கூட இல்லை. அப்புறம் கேட்டார், நீ இன்ஜினியர்தானே? மெக்கானிக்கல் என்று சொல்ல வாய் வரவில்லை, சித்தப்பா. பட்டறை வீட்டுப் பையன், நாலு வருஷப் படிப்பு, திருப்புளியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. சாப்ட்வேர் என்று சொல்லித் தப்பித்தேன்.

அவர் கராஜை நீங்கள் பார்க்க வேண்டும். அவரே செய்யாத சாமான் அதில் கார் மட்டும்தான். பிக்னிக் போகும் ஐஸ் பெட்டி ஒன்றில் முளைகட்டிய பார்லி ரவையைக் கொட்டி, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார். சூடு ஒரு டிகிரி கூட இறங்குவதில்லை. சக்கையை வடிகட்ட அடியில் கிடப்பது கக்கூஸ் தொட்டிக்குத் தண்ணீர் வருமே, அந்த ஸ்டீல் பின்னல் ஓஸ். உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை உருவிப் போட்டுவிட்டு வெறும் பின்னலை மட்டும் வைத்திருக்கிறார். (புது ஓஸ்தான். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன்.) பார்லி உடைக்கும் உருளையைச் சுற்றுவது ட்ரில்லிங் மெஷின். ஈஸ்டைக் கலக்கிவிட ஒரு குட்டிப் பெட்டி: பழைய கம்ப்யூட்டர் ஃபேன், அதன் தலையில் செத்துப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து பெயர்த்த காந்தம். மேலே கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் கிடக்கும் காந்தக் குச்சி சுழன்று சுழன்று கலக்குகிறது. காயலான் கடைக்கும் கெமிஸ்ட்ரி லேபுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

பாட்டில் அடுக்க ஒரு ஸ்டாண்டு செய்யச் சொல்லி என்னை மரம் வாங்க அனுப்பினார். 'ரெண்டுக்கு நாலு' கட்டை. வீட்டுக்கு வந்து டேப் வைத்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குத் திரும்பக் கிளம்பினேன். நாடு முழுக்க அப்படித்தானாம். இழைத்துக் காய்ந்த பிறகு குறைந்ததை யாரும் பெயரில் குறைக்கவில்லை. நம் ஊர் மளிகைக்கடைத் தராசை இனிமேல் நான் குறை சொல்ல மாட்டேன்.

போன அக்டோபரில்தான் என் மானம் கொஞ்சம் திரும்பியது. கொதிக்கும் 19 லிட்டர் கஷாயத்தை வேகமாக ஆற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாத கிருமி புகுந்துவிடும். அதற்குச் செம்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கி, குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் ஓடவிடுவார்கள். மேஸ்திரி பெயிண்ட் டப்பாவைச் சுற்றி வளைத்தார். மூன்றாவது சுற்றில் குழாய் மடங்கி நசுங்கியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "உள்ளே மணல் ரொப்பணும்."

நான் எட்டாவது படிக்கும்போது நீங்கள் சைலன்ஸர் குழாய்க்கு மணல் ரொப்பி, ரெண்டு பக்கமும் கட்டை அடித்து வளைத்தது ஞாபகம் இருக்கிறதா? நான் ஓரமாக உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். அன்று கற்ற வித்தை.

மேஸ்திரி என்னை முதல் முறையாக மனிதனைப் போலப் பார்த்தார். மணல் வேண்டாம், உப்பு போடுவோம், அப்புறம் தண்ணீரில் கரைந்து வந்துவிடும் என்றார். இருபது அடிப் புதுக் குழாயை நிமிர்த்தி, அடிப்பக்கம் டேப் ஒட்டி, பரண் ஜன்னலிலிருந்து தொங்கவிட்டோம். நான் மேலே புனலும் உப்பு டப்பாவுமாக. அவர் கீழே மரச்சுத்தியலால் குழாயை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு. அரைக் கிலோ உப்பு இறங்கியது. தெருவில் நாய் நடத்திக்கொண்டு போன அம்மாள் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாயை இழுத்துக்கொண்டு போனார். ஒரு நெளிசல் இல்லாமல் வந்தது சுருள், ஸ்பிரிங் மாதிரி! கொதிக்கிற பானை இருபது நிமிடத்தில் கை வைக்கிற பதத்துக்கு வந்துவிடுகிறது.

உப்பைக் கழுவியது மட்டும் என் பொறுப்பு. என் வீட்டுப் புல்தரையில் வைத்துக் கழுவினேன். பத்தே நாளில் முறத்தளவுக்குப் புல் கருகி மொட்டையானது. இப்போது பனி மூடியிருக்கிறது. ஏப்ரலில் உருகும்போது உங்கள் மருமகளுக்கு என்ன காரணம் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாவுக் கதைக்கு வருகிறேன். இந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. ஓவனுக்குள் லைட் போட்டு வைத்தோம், கம்பளி போர்த்தினோம், கும்பிடாத சாமி இல்லை. கேள்விப்பட்ட மேஸ்திரி ஒரே நாளில் மரப்பெட்டிக்குத் தெர்மோகோல் ஒட்டி, ஒரு குண்டு பல்பும் சூடு பார்த்து அணைக்கிற சுவிட்சும் வைத்து 86 ஃபாரன்ஹீட்டில், அதாவது நம் 30 டிகிரியில், நிறுத்திக் கொடுத்தார். "எந்த ஈஸ்ட் போடுவீர்கள்?" என்று கேட்டார். ஒன்றும் போடுவதில்லை, கையால் கரைத்து வைத்தால் அதுவாகவே பொங்கும் என்றாள் உங்கள் மருமகள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். ஒரு கரண்டியைக் கூட மருந்துத் தண்ணீரில் முக்காமல் தொடாதவர். "வெறும் கையாலா?" என்று ரெண்டு தரம் கேட்டார்.

மனசு கேட்காமல் மாவுப் பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி போட்டு, நடுவில் பீருக்கு வைக்கும் தண்ணீர்ப் பூட்டைச் செருகிவிட்டார். உள்ளே உருவாகும் வாயு குளுக் குளுக்கென்று வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ராத்திரி பதினொன்று வரை குளுக் குளுக். மாவு பொங்கிக் குழலை அடைத்தது யாருக்கும் தெரியாது. விடிகாலை நாலு மணிக்கு டமாரென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மூடி ஒரு மூலையில், பல்பு இன்னொரு மூலையில், பெட்டிக் கூரை முழுக்க மாவு. மிச்சத்தில் பன்னிரண்டு இட்லி வந்தது. ஏழு மேஸ்திரிக்கு. மல்லிகைப்பூ தெரியாத ஊரில் இட்லியை எதற்கு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பேசாமல் தின்றார்.

இப்போது அவர் பார்வை கிரைண்டர் மேல் திரும்பியிருக்கிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த அதே கோயமுத்தூர் கிரைண்டர்தான், 110 வோல்ட்டை 230 ஆக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறோம். வோல்ட் சரி, ஹெர்ட்ஸ் இங்கே 60. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றுகிறது, மாவு சூடாகிறது. மோட்டார் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்று மேஸ்திரி கணக்குப் போட்டுவிட்டார். அவரிடம் லேத் மட்டும்தான் இல்லை.

பழைய புல்லி 60 மில்லிமீட்டர். 50-க்குக் கடைந்து அனுப்புங்கள். படம் பின்பக்கத்தில் இருக்கிறது. அவர் அங்குலத்தில் போட்டிருப்பதற்குப் பக்கத்தில் நான் மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறேன். துளையை ஒரு முறை வெர்னியர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அளந்தது நான். அம்மா கேட்டால் இது மாவு சாமான், பீர் சாமான் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்