ஏழு கட்டமும் ஒரு கப்பலும்

இடம்: போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து அரசாங்கத் தாள்களில் ஸ்ரீ விஜயபுரம். அபர்தீன் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பகுதி. ஜூலை மாதம். வெளியே காற்றும் மழையும். வர வேண்டிய கப்பல் இன்னும் வரவில்லை.

பேசுவோர்: திட்டநாதன், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியர், மனைவி, இரண்டு பிள்ளைகள். பாக்கியத்தக்கா, இதே ஊரில் பிறந்தவர். வீட்டில் ஐந்து வாய், வீட்டுக்காரருக்குத் தினக்கூலி வேலை. இருவரும் டெலானிப்பூரில் ஒரே சந்து. (ஆட்கள் கற்பனை. கப்பல் கற்பனையில்லை.)

திட்டநாதன்: வாங்க அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு குடும்பம் வாரம் முழுக்கச் சிக்கனமா சாப்பிடறதுக்குத் திட்டம் போட்டிருக்கேன். ஏழு நாளைக்கு ஏழு கட்டம். ஞாயித்துக்கிழமை ஒரே தடவை கடைக்கு வரணும், பட்டியல்ல இல்லாததைத் தொடக்கூடாது. திங்கக்கிழமை மதியம் கேரட் பொரியல்.

பாக்கியத்தக்கா: கேரட் எங்க தம்பி?

திட்டநாதன்: அதைத்தான் பத்து நிமிஷமா தேடறேன்.

பாக்கியத்தக்கா: இங்க இல்ல. நடுக்கடல்ல இருக்கு.

திட்டநாதன்: பரவால்ல, திங்களையும் செவ்வாயையும் மாத்திப் போட்டுக்கலாம். செவ்வாய்க்கு முட்டைகோஸ் கூட்டு.

பாக்கியத்தக்கா: அதுவும் அதே கப்பல்லதான். கேரட்டுக்குப் பக்கத்து மூட்டை.

(கடையில் அன்று இருந்தவை: முளைவிட்ட உருளைக்கிழங்கு ஒரு கூடை, மஞ்சள் தட்டிய பாகற்காய் மூன்று, ஓட்ஸ் ஒரு அலமாரி நிறைய, தக்காளி சாஸ் இரண்டு அலமாரி, தக்காளி இல்லை.)

திட்டநாதன்: அப்ப விமானத்துல வராதா? சென்னையிலருந்து ரெண்டு மணி நேரம்தானே!

பாக்கியத்தக்கா: வரும். ஆனா விமானத்துல வந்த தக்காளிக்கு அந்த மிதப்பு இறங்காது தம்பி. கிட்டப் போய் விலை கேக்கவே நமக்குக் கூச்சமா இருக்கும். 2023 ஜூலையில மெயின்லேண்ட் முழுக்கத் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டிடுச்சுன்னு டிவியில புலம்பினாங்களே, ஞாபகம் இருக்கா? நான் அன்னிக்குச் சிரிச்சேன். ஊர் மொத்தமும் ஒரு மாசம் எங்க வீட்டுக்கு வந்து குடித்தனம் பண்ணிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. ஆமா, இந்தத் திட்டம் உங்களுக்கு எங்க கிடைச்சுது?

திட்டநாதன்: போன்லதான். ஒரு அம்மா வீடியோவுல அருமையா சொன்னாங்க.

பாக்கியத்தக்கா: அதானே பாத்தேன். 2020 ஆகஸ்ட்டுல சென்னையிலருந்து கடலுக்கடியில கேபிள் போட்டுக் குடுத்தாங்க, 2,300 கிலோமீட்டர். அதுக்கு முந்தி ஒரு போட்டோ போன்ல வந்து சேர்றதுக்குள்ள இங்க உலை கொதிச்சுச் சோறே வெந்துடும். இப்ப பொரியல் வீடியோ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது. பொரியலுக்கு வேண்டிய காய் மட்டும் இன்னும் மேல்வழியாத்தான் வருது. கடல் நல்லா இருந்தா மூணு நாள்.

திட்டநாதன்: கேலி பண்ணாதீங்க அக்கா. இது நேத்து முளைச்ச விஷயமில்ல. நம்ம குன்னூர்லயே வெள்ளைக்காரன் காலத்துல சத்துணவு ஆராய்ச்சிக்கூடம் இருந்துச்சு. அதுக்கு இயக்குநரா இருந்த அய்க்ராய்ட் 1930-கள்லயே எந்த இந்தியப் பண்டத்துல எவ்வளவு சத்து, அதை வெச்சுக் கட்டுப்படியாகிற சாப்பாட்டை எப்படித் திட்டம் பண்றதுன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தார். அந்தக் கூடம்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய் இன்னிக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. அமெரிக்காவுல 1975-லேயே வேளாண் துறை ‘திரிஃப்டி ஃபுட் பிளான்’னு ஒண்ணு போட்டுச்சு. ஏழைக் குடும்பம் ஆகக் குறைஞ்ச காசுல சத்தா சாப்பிட என்னென்ன வாங்கணும்னு கிராம் கணக்கா இருக்கும். அதை வெச்சுத்தான் அங்க உணவு மானியமே குடுக்கறாங்க.

பாக்கியத்தக்கா: கிராம் கணக்குல வாங்கி, வயிறு நிறைஞ்சுதா அவங்களுக்கு?

திட்டநாதன்: அது வந்து... 2021-ல கணக்கைத் திரும்பப் பாத்தாங்க. பத்தலன்னு 21 சதவீதம் கூட்டினாங்க.

பாக்கியத்தக்கா: நாப்பத்தாறு வருஷம் கழிச்சா?

திட்டநாதன்: நடுவுல விலைவாசிக்குத் தக்கபடி ஏத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க.

பாக்கியத்தக்கா: பசிக்குத் தக்கபடி ஏத்தறதுக்கு நாப்பத்தாறு வருஷம். சரி, அவங்க அரசாங்கமாவது கணக்கை ஒருநாள் திரும்பப் பாத்துச்சு. நீங்க உங்க கட்டத்தைத் திரும்பப் பாக்க மாட்டேங்கறீங்களே.

திட்டநாதன்: பாக்கறேன், சொல்லுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, பழம். இது உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இதுல என்ன தப்பு?

பாக்கியத்தக்கா: தப்பே இல்ல. எங்க வீட்ல அஞ்சு பேர், நாளைக்கு ரெண்டு கிலோ, வாரத்துக்கு பதினாலு கிலோ. இந்தக் கடையில இன்னிக்கு மொத்தமா பதினாலு கிலோ காய் இருக்கான்னு எடைபோட்டுச் சொல்லுங்க, நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன்.

திட்டநாதன்: அதுக்குத்தான் அக்கா ஃப்ரீஸர். கப்பல் வந்த அன்னிக்கு மலிவா நிறைய வாங்கி, நறுக்கி, டப்பா டப்பாவா போட்டு வெச்சுடணும்.

பாக்கியத்தக்கா: ஃப்ரீஸர் எதுல ஓடுது?

திட்டநாதன்: கரண்ட்ல.

பாக்கியத்தக்கா: கரண்ட் எதுல ஓடுது? இந்த ஊர்ல இருக்கிற சோலாரை விட்டா மீதியெல்லாம் டீசல் ஜெனரேட்டர். டீசல் எதுல வருது? அதுவும் கப்பல்ல. போன மாசம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் விடியற்காலைதான் வந்துச்சு. எதிர் வீட்டம்மா ஒரு வாரத்துக்கு அரைச்சு வெச்ச மசாலா, ஊறவெச்ச கோழி, எல்லாத்தையும் காலையில ஆறு மணிக்கு ஒரே அடுப்புல சமைச்சாங்க. சந்துக்கே விருந்து. ஏழு நாள் சாப்பாடு ஒரு நாள்ல தீர்ந்துச்சு. அதுவும் ஒரு விதத்துல வாராந்திரத் திட்டம்தான்.

திட்டநாதன்: (யோசித்து) அப்ப கெடாத சாமான். பருப்பு, கொண்டக்கடலை, எண்ணெய். அஞ்சு கிலோ பையா வாங்கினா கிலோவுக்கு எவ்வளவு மிச்சம்னு பாருங்க. நீங்க தெருமுனைக் கடையில கால் கிலோ கால் கிலோவா வாங்கறீங்க. வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா? கணக்குப் போட்டே காட்டறேன்.

பாக்கியத்தக்கா: போட வேண்டாம், எனக்கே தெரியும். கால் கிலோ வாங்கறவதான் கிலோவுக்கு ஜாஸ்தி குடுக்கறா. அஞ்சு கிலோ வாங்கறதுக்கு அஞ்சு கிலோ காசு ஒரே நாள்ல கையில இருக்கணுமே. உங்களுக்கு மாசம் தவறாம சம்பளம், மேல தீவுப் படி வேற. எங்க வீட்டுக்காரருக்கு மழை விட்டா வேலை, வேலை இருந்தா கூலி. இங்க மே மாசம் பிடிச்ச மழை டிசம்பர் வரைக்கும் போகும். தெருமுனைக் கடைக்காரர் பருப்பை மட்டுமா விக்கறார்? பத்து நாள் தவணையையும் சேர்த்து விக்கறார். அங்க ஒரு நோட்டு இருக்கு, அதுல என் பேர் இருக்கு. இந்த ஏசி கடையில ‘பத்தாந்தேதி தரேன்’னு சொன்னா கம்ப்யூட்டருக்குக் காது கேக்காது.

(இந்த இடத்தில் திட்டநாதன் பட்டியலை மடித்தார். சிக்கனத்தைப் பற்றிய அறிவுரைகளில் பாதி, கையில் ரொக்கம் வைத்திருப்பவரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்ததோ என்னவோ. ஆனால் அவர் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆளில்லை.)

திட்டநாதன்: ரேஷன் இருக்கில்ல உங்களுக்கு?

பாக்கியத்தக்கா: இருக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு மாசம் அஞ்சு கிலோ, 2023 ஜனவரியிலருந்து காசில்லாம. அஞ்சு தலைக்கு 25 கிலோ. முப்பது நாளைக்குப் பிரிச்சா ஆளுக்கு 166 கிராம். என் பெரியவன் புட்பால் ஆடிட்டு வந்து ஒரே வேளையில அதைத் தாண்டிடுவான். மீதி வேளைக்கு உங்க கட்டத்தைச் சாப்பிடச் சொல்லட்டா?

திட்டநாதன்: சரி, நானும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. நேத்து தெருமுனைக் கடையில நீங்க நோட்டைத் திறந்து வெச்சிருந்தப்போ என் கண்ணுல பட்டுடுச்சு. பத்து ரூபா சிப்ஸ் பாக்கெட், ஒரே மாசத்துல முப்பது. முந்நூறு ரூபா! அதுக்கு என்ன கப்பல் தடை பண்ணுச்சு?

பாக்கியத்தக்கா: (கொஞ்ச நேரம் பேசவில்லை) அது சின்னவளுக்கு.

திட்டநாதன்: முந்நூறு ரூபாய்க்கு முட்டை வாங்கலாமே அக்கா.

பாக்கியத்தக்கா: வாங்கலாம். அழுகிற பிள்ளை முட்டையைப் பாத்தா இன்னும் சத்தமா அழும். பாக்கெட்டைப் பாத்தா நிறுத்தும். கூலி வராத அன்னிக்கு இருக்கிறதுலயே மலிவான சந்தோஷம் அந்தப் பத்து ரூபாதான். இருந்தாலும் நீங்க கேட்டது நியாயம். இருபதா குறைக்கறேன். ஆனா மத்தவங்க நோட்டை இனிமே எட்டிப் பாக்காதீங்க.

திட்டநாதன்: பாக்கல. அப்ப இன்னிக்கு என்னதான் சமைக்கப் போறீங்க?

பாக்கியத்தக்கா: என் திட்டத்துல நாளுக்கு ஒரு கட்டம் கிடையாது. ‘கப்பல் வந்தா’ன்னு ஒண்ணு, ‘கப்பல் வராட்டி’ன்னு ஒண்ணு. இன்னிக்கு ரெண்டாவது. வீட்டுக்குப் பின்னாடி முருங்கை. மோகன்புரா சந்தையில பூசணிக்காயும் தண்டுக்கீரையும் இருக்கும். படகு ஓடினா நீல் தீவுலருந்து கத்திரி, வெண்டை வரும். இப்ப அதை ஷஹீத் தீவுன்னு சொல்லணும், பேர் மாறினாலும் வெண்டைக்காய் அதே வெண்டைக்காய்தான். கொத்தமல்லி கப்பல்ல வாடி வர்றதுக்குள்ள பர்மா தனியா வேலிஓரத்துல தானா மண்டிக் கிடக்கும். ரசத்துல ஒரு இலை போட்டா போதும், தெருவுக்கே வாசம். தேங்காய்க்கு இந்தத் தீவுல பஞ்சமே கிடையாது.

திட்டநாதன்: பர்மா தனியாவா? நீளமா, ஓரம் முள்ளு முள்ளா இருக்குமே, அதுவா? களைன்னு நெனச்சு என் வீட்டு வாசல்ல இருந்ததைப் பிடுங்கிப் போட்டுட்டேனே!

பாக்கியத்தக்கா: பாத்தேன். பிடுங்கிப் போட்டுட்டு அன்னிக்கே இங்க வந்து கொத்தமல்லிக் கட்டுக்கு வரிசையில நின்னீங்க. கராச்சர்மாவுல இருக்கே தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், 1978-ல ஆரம்பிச்சது, அங்கே போய்ப் பாருங்க. எந்தக் கீரை இந்த மண்ணுல வரும், நிக்கோபாரிக் கோழி எப்படி வளர்க்கணும்னு ஆராய்ச்சியே பண்ணி வெச்சிருக்காங்க. உங்க வீடியோ அம்மாவுக்கு நிக்கோபாரிக் கோழி தெரியுமா?

திட்டநாதன்: அந்த அம்மாவுக்குப் புரோக்கோலி தெரியும். புதன்கிழமைக்குப் புரோக்கோலி சூப் சொல்லியிருக்காங்க.

பாக்கியத்தக்கா: எங்க சித்தி கச்சால் தீவுல இருக்கா. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்லருந்து திரும்பின குடும்பம், ரப்பர் தோட்டத்துல வேலை குடுத்து அங்க கொண்டுபோய்க் குடியேத்தினாங்க. சென்னையிலருந்து இங்க ஒரு கப்பல், இங்கிருந்து அங்க இன்னொரு கப்பல். அவகிட்டப் போய்ப் புரோக்கோலின்னு சொல்லிப் பாருங்க, யார் வீட்டுப் பொண்ணுன்னு கேப்பா.

திட்டநாதன்: (சிரிப்பை அடக்கி) சரி அக்கா, ஒப்பந்தம் போடுவோம். நான் இன்னிக்குத் துவரம்பருப்பு அஞ்சு கிலோ பையா வாங்கறேன். ரெண்டு கிலோ எனக்கு, மூணு கிலோ உங்களுக்கு. மொத்த விலைதான்.

பாக்கியத்தக்கா: காசு?

திட்டநாதன்: பத்தாந்தேதி.

பாக்கியத்தக்கா: வட்டி?

திட்டநாதன்: சேச்சே, என்ன அக்கா!

பாக்கியத்தக்கா: இல்ல, சும்மா வாங்கினா எனக்குத் தூக்கம் வராது. வட்டிக்குப் பதிலா மீன். ஜங்கிளிகாட் மீன் சந்தையில எந்த நேரத்துல விலை இறங்கும், எந்தச் செவுளைத் தூக்கிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் சேர்த்து வாங்கியாறேன். போன வாரம் வஞ்சிரம்னு சொல்லி உங்க தலையில சூரையைக் கட்டினாங்களே, அந்த மாதிரி நடக்காது.

திட்டநாதன்: அது வஞ்சிரம் இல்லையா? (பேனாவை எடுக்கிறார்) சரி, புதன்கிழமைப் புரோக்கோலியை அடிச்சுட்டேன். என்ன மீன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.

பாக்கியத்தக்கா: கரைக்கு எது வருதோ அது.

திட்டநாதன்: அதெப்படி? கட்டத்துல ஏதாவது ஒரு பேர் எழுதணுமே.

பாக்கியத்தக்கா: ‘மீன்’னு மட்டும் எழுதுங்க. படகு போகாட்டி ‘முட்டை’ன்னு வாசிச்சுக்கலாம்.