உறை இலக்கணம்: பிளவக்கல் பயணத்தை முன்வைத்து

விலையுயர்ந்த கேமரா ஒன்றை வாங்கியவர் பிளவக்கல் அணைக்குப் புறப்படுமுன் அதற்கு எவ்வகைத் தோலுறை ஏற்றது என்பதே இவ்வாய்வின் பொருள். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்டவர்கள் நாம். உறையை மட்டும் கடைக்காரர் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிட்டோம். அக்குறை இன்று நீங்குகிறது.

முதலில் எல்லை. வடக்கே சதுரகிரி, தெற்கே ராஜபாளையம், மேற்கே மலை, கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகள். இவ்வெல்லைக்குள் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என அணை இரண்டு. முன்னது 47 அடிச் சொச்சம், பின்னது 42 அடிச் சொச்சம். கேமரா எனப்படுவது இங்கே லைக்கா எம்-11 போன்றது. கறுப்பு உடல் 530 கிராம், வெள்ளி நிறத்தது 640 கிராம். அந்த 110 கிராமுக்காகக் கறுப்பை வாங்கியவர், 200 கிராம் தோலை அதன்மேல் ஏற்றுவது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் நட்பு முறியும்.

உறை இருவகைப்படும், கேமரா முழுவதையும் மூடும் முழு உறையும் கீழ்ப்பாதியை மட்டும் மூடும் அரை உறையும் என. முழு உறை பழைமையானது. 1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா அறிமுகமான காலத்திலிருந்தே சிறு கேமராவும் தோலும் இணைபிரியாதவை. நம் பக்கத்தில் அந்தப் பெருமை பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக்-3-க்கு உரியது. 120 ஃபிலிமில் பன்னிரண்டே படம். பழுப்பு உறையின் பட்டனைத் திறந்து, முன்மூடியைத் தொங்கவிட்டு, தாய்மாமா ஒரு கண்ணை மூடும்வரை கல்யாண வீடே மூச்சை அடக்கி நிற்கும். பன்னிரண்டு படத்துக்கு அந்தச் சடங்கு தகும்.

முழு உறையே சிறந்தது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை எனின், இம்மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அந்த அணில் தரையில் இறங்கி நின்று போஸ் கொடுக்கும் இனமன்று. கிளைவிட்டுக் கிளை தாவிக் கொண்டேயிருப்பது. பிரஸ் பட்டன் ‘டப்’ என்று விடுபட்டு, மூடி கீழே தொங்கி, கண் வியூஃபைண்டருக்குப் போவதற்குள் அணில் இரண்டு மரம் கடந்துவிடும். மூன்றாவது மரத்தில் பிடித்தாலும் 50 எம்எம் லென்ஸில் அது ஒரு புள்ளி என்பது வேறு அதிகாரத்துக்குரியது.

இனித் தோல். பட்டையில் பதனிட்டது, குரோமில் பதனிட்டது என அதுவும் இரண்டு. பட்டைத் தோல் விறைப்பானது. வடிவம் குலையாது, வெயில் படப்படப் பழுப்பேறி அழகு கூடும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறையாக நின்று சாட்சி சொல்லும். குரோம் தோல் மெத்தென்றிருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும், வயதானால் பழையதாகுமே தவிர அழகாகாது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய கைத்தொழில். குரோமுக்கோ சென்னையில் ஒரு பேட்டையே உண்டு: 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் 1948 முதல் இயங்குகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இருக்கும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தாலித் தோலுறைக்கு ஆர்டர் கொடுப்பது, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் டெல்லியிலிருந்து பால்கோவா வரவழைப்பது போன்றது. செய்யலாம், வெளியே சொல்லக்கூடாது.

பால்கோவா என்றதும் உறையின் பகைகளை ஆராய வேண்டியதாகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பை விரலால் வழித்தவர் அடுத்துத் தொடுவது கேமராவைத்தான். பட்டைத் தோலில் நெய்விரல் பட்டால் கறை நிலைத்துவிடும். கேமராக்காரர் அதற்கு ‘பாட்டினா’ என்று பெயர் வைத்துத் தேற்றிக்கொள்வார். ராஜபாளையத்தில் நண்பர் வீட்டில் தங்குவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். அவ்வூர் வெள்ளை நாய்க்குத் தரம் தெரியும். அதன் குட்டிக்குத் தெரியாது; எல்லாத் தோலையும் ஒன்றாகவே கடிக்கும்.

திருடர், குரங்கு ஆகிய பகைகள் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பயணத்தில் கேமராவைத் திருடர் கண்ணிலிருந்து மறைக்க மஞ்சப்பையே உத்தமம் என்பது ஒரு கொள்கை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் தொடங்கியபோது இப்பயன் அதன் கருத்தில் இருந்திருக்காது. ஆனால் பைக்குள் லைக்கா இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைப்பதில்லை என்பது உண்மை. தேங்காய் பழம் இருக்கும் என்று எல்லாக் குரங்கும் நினைக்கும் என்பதும் உண்மை. ஆகவே பஸ் இறங்கும்வரை மஞ்சப்பை, மலையடிவாரத்தில் தோலுறை என்று இரண்டையும் சமரசப்படுத்துவதே முறை.

இங்கே ஓர் இடையூறு. 2025 ஜூனில் பிளவக்கல் பக்கத்துக் கூமாபட்டியிலிருந்து ஓர் இளைஞர், தண்ணீரில் நின்றபடி தம் ஊருக்கு வரும்படி ‘ஏங்க’ என்று அழைத்த ரீல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். அணையை உலகுக்குக் காட்டிய கருவி கைப்பேசி. தோலுறை இல்லை, லட்ச ரூபாய் லென்ஸ் இல்லை, பதனிடுதல் பற்றிய கவலையும் இல்லை. இச்சான்று நம் ஆய்வின் அடிப்படையையே தகர்க்கும் என்று சிலர் கருதலாம். தகர்க்காது. அந்த ரீலைப் பார்த்துத்தான் பல லைக்காக்கள் அலமாரியை விட்டு வெளியே வந்தன எனின், ரீல் நம் துறையின் புரவலர் ஆகிறது.

முடிபு கூறுவோம். அரை உறையே வாங்குக. அதிலும் பேட்டரிக்கு அடியில் திறப்பு உள்ளதைப் பார்த்து வாங்குக. இல்லையேல் ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றவும் உறையின் திருகைக் கழற்றிக்கொண்டு நிற்க நேரும், நாணயம் தேடிப் பையைத் துழாவ நேரும். நாலு மாதச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள இடம், ஆகவே குரோம் தோலே தகும். அழகுதான் பெரிது என்பார் பட்டைத் தோலை வாங்கிக் குடையும் வாங்குக.

வீடு திரும்பியதும் கேமராவை உறையோடு பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உறையை நிழலில் உலர்த்துங்கள், கேமராவைத் தனியே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உறை சும்மா கிடக்கிறதே என்று வருந்துவோர் அதில் மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம்.