கேட்டது ரசிகர், புதைந்தது பாத்திரம்

2004-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘லாஸ்ட்’ தொடங்கியது. விமானம் விழுந்த தீவில் பிழைத்தவர்கள் 40-க்கு மேல். வாய் திறந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். மீதிப் பேர் பின்னணியில் விறகு பொறுக்கினார்கள். “அவர்களுக்குக் கதையே கிடையாதா?” என்றார்கள் ரசிகர்கள். நியாயமான கேள்விதான். மூன்றாம் பருவத்தில் நிக்கி, பாவ்லோ என இருவரை முன்னே கொண்டுவந்தார்கள். “யாரய்யா இவர்கள், அழையாமல் பந்தியில் உட்கார்ந்தவர்கள்?” என்று கொதித்தார்கள் அதே ரசிகர்கள்.

எழுத்தாளர்கள் பணிவானவர்கள். 2007 மார்ச்சில், சிலந்திக் கடியால் உடம்பு மரத்துக் கிடந்த இருவரையும் பிணமென்று நம்பி உயிரோடு புதைக்க வைத்தார்கள். மண் விழும்போது நிக்கி கண் திறக்கிறாள். நம்மூர்த் தொடர்களில் இத்தனை கொடுமை கிடையாது. ஆளையே மாற்றி, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்தோடு முடித்துக்கொள்வார்கள்.

முந்தைய மாதம்தான் நாயகன் ஜாக் பச்சை குத்திக்கொண்ட வரலாற்றுக்கு ஒரு முழு அத்தியாயம். கதை நகர்ந்த வேகத்தை ஆமைகூட முந்திப்போயிருக்கும். ரசிகர்கள் புலம்ப, அந்த மே மாதமே கெடு அறிவித்தார்கள்: இன்னும் 48 அத்தியாயம், 2010-இல் மங்களம்.

சொன்னபடி 2010 மே 23 அன்று முடித்தார்கள். அன்றைக்கும் திட்டுத்தான்.