கருவி வாங்கும் கமிட்டிக்குச் சில யோசனைகள்

முதலில் ஒரு கமிட்டி போடுங்கள். அதில் கையேடு எழுதுகிறவர் யாரும் இருக்கக் கூடாது. அவர்கள் வந்தால், "இருக்கிறதை வைத்தே எழுதி முடித்துவிடலாமே" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், ஐ.டி. பிரிவிலிருந்து ஒருவர், முதலாளியின் மைத்துனர் ஒருவர் இருந்தால் போதும்.

நெல் அறுவடை இயந்திரத்துக்கும், அரிசி ஆலையில் கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதும் குழு ஒன்றைத் தஞ்சாவூரில் நீங்கள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். 2024-இல் ஊருக்குச் சின்ன டைடல் பூங்காவே வந்துவிட்ட பிறகு இதெல்லாம் நடக்காத காரியமில்லை. உங்கள் கையேடுகள் வேர்டு கோப்புகளாகக் கிடக்கின்றன. ஒன்றின் பெயர் 'ஃபைனல்'. அடுத்தது 'ஃபைனல் புதுசு'. அதற்கும் அடுத்தது 'இதுதான் ஃபைனல் சார்'. வாடிக்கையாளர் கைக்குப் போனது எது என்பது வாட்ஸ்அப் குழுவை மூன்று மாதம் மேலே தள்ளிப் பார்த்தால் தெரியும். இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், "நல்ல டூல் ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். அவரை விட்டுவிடாதீர்கள். அவர்தான் கமிட்டித் தலைவர். ஒப்பீடு நடக்கிறது என்று சொல்லிவிட்டால் எழுதும் வேலையை ஓராண்டுக்குத் தள்ளிப் போடலாம்.

அடுத்து எக்ஸெலில் ஒரு பட்டியல். இடப்பக்கம் கருவிகள், மேலே வசதிகள். ஷேர்பாயிண்ட், கான்ஃப்ளூயன்ஸ், கிட்டில் மார்க்டவுன், டிட்டா எக்ஸ்எம்எல் என்று நாலைந்து பேர் வந்து டெமோ காட்டுவார்கள். விக்கி வகையில் யாரும் எழுதலாம், ஆனால் யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள். கிட் எஞ்சினியர்களுக்குப் பிடிக்கும். எழுத்தாளர் இரண்டாம் நாள் 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' என்ற செய்தியைப் பார்த்துவிட்டு லீவு போடுவார். டிட்டாவில் ஒரு எச்சரிக்கைப் பத்தியை ஒரே தடவை எழுதிப் பத்துக் கையேட்டில் போடலாம். அந்த ஒரு பத்தியை எழுதுவதற்கு ஆறு மாதப் பயிற்சி தேவைப்படும். எந்த விற்பனைப் பிரதிநிதியைக் கேட்டாலும் எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவார். பட்டியல் முழுக்க டிக்காக நிற்கும்போது வேறு அளவுகோல் வேண்டும். நிறுவி எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று கேளுங்கள். மேலே சொன்ன ஷேர்பாயிண்டே 2001-இல் பிறந்ததுதான். ஆகவே காவிரிப் படுகையில் ஏற்கெனவே வாடிக்கையாளர் உள்ள கருவிகளையும் பட்டியலில் சேர்ப்பது நியாயம்.

கல்லில் தொடங்குங்கள். உள்ளூரில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இயங்கிவரும் நிறுவல் பெரிய கோயிலில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய் டெமோ பார்க்கலாம். கோயில் 1010 வாக்கில் முடிந்தது. ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர் கொடுத்ததும் எல்லாம் விமானத்துக் கல்லில் ஏறட்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டான். அந்த உத்தரவே முதலில் வெட்டப்பட்டது. எது எழுதப்படும், யாருடையது எழுதப்படும் என்பது திட்டத்தின் தொடக்கத்திலேயே தெளிவு. உங்கள் கமிட்டி நாலாவது கூட்டத்தில்கூட இந்த இடத்துக்கு வந்திருக்காது.

விவரக்குறிப்பில் இந்தக் கல்வெட்டுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல். நகையை நிறுக்க 'தக்ஷிணமேருவிடங்கன்' என்ற கல். எந்தக் கல்லால் நிறுத்தது என்று எழுதாமல் எடையை எழுதவே மாட்டார்கள். முத்து என்றால் வெறும் முத்தில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று தரம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அளக்கும் மரக்காலும் ஆடவல்லான்தான், அது ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது. ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டுப் போய்விட்டாலோ அடுத்த உறவு அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவுக்குத் தகுதியில்லை என்றால் என்ன செய்வது என்பதும் அங்கேயே இருக்கிறது. 'பிழை வந்தால்' என்ற தலைப்பின் கீழ் 'எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிற நம் கையேடுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். நில அளவையில் சோழக் கணக்கர்கள் ஒரு வேலியை 5242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு வரைக்கும் எழுதினார்கள். அந்தத் துண்டில் ஒரு நெல்மணி வைக்க இடம் போதாது. இதைப் பார்த்துவிட்டு கமிட்டியில் ஒருவர், நமக்கும் ஒவ்வொரு பத்திக்கும் நாற்பது குறிச்சொல் வேண்டும் என்று எழுந்து நிற்பார். அவர்கள் அதை வரிக்காக எழுதினார்கள், அதைப் பார்த்து வசூலிக்க ஆள் இருந்தது. உங்கள் நாற்பது குறிச்சொல்லை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டு உட்கார வையுங்கள்.

கல்லின் குறைகளையும் எழுத வேண்டும், நாம் நடுநிலையாளர்கள் அல்லவா. தேடல் வசதி கிடையாது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சுற்றி வர வேண்டும். ஒரு எழுத்தைத் திருத்த உளி வேண்டும். ஏற்றுமதி வசதி பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் மைப்படி எடுக்க வைத்து 1891-இல் தொடங்கி அச்சில் கொண்டுவந்தார். அனுமதிக் கட்டுப்பாடும் தளர்வு. 1803-இல் இரண்டாம் சரபோஜி அதே வளாகத்தில் தென்மேற்குப் பக்கச் சுவரில் போன்சலே வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்துவிட்டார். அதே மேடை, புது வாடிக்கையாளர், புது மொழி, எண்ணூறு ஆண்டு இடைவெளி. பழைய பதிவு எதுவும் அழியவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பற்றி விற்பனைப் பிரதிநிதிகள் நிறையப் பேசுவார்கள். பேச விடுங்கள். பிறகு அவரைக் கும்பகோணத்துக்கு வடகிழக்கே திருக்கோடிக்காவலுக்கு அழைத்துப் போங்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி அங்குள்ள கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். வெட்டியதோடு, இதுவும் ஒரு பழங்கற்படி என்று குறிப்பும் போட்டார்கள். பிரதி எது, மூலம் எது என்ற குழப்பமே கிடையாது. நம் ஊரில் புது மென்பொருளுக்கு மாற்றிய மறுநாள் காலை, மூவாயிரம் பக்கமும் ஒரே தேதியில், ஒரே ஆள் எழுதியதாக நிற்கும். அந்த ஆள் பெயர் 'அட்மின்'.

ஒப்புதல் முறை முக்கியம் என்று யாராவது சொன்னால் செப்பேட்டுக்குப் போங்கள். அரசன் வாயால் சொன்னதை ஓலை எழுதுவான் எழுத வேண்டும். ஓலைநாயகம் பார்க்க வேண்டும். பிறகு புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று ஒவ்வொரு மேசையாகப் போய், வரியிலிட வேண்டும். பிடி யானையை நடக்கவிட்டு எல்லை காட்டிக் கல்லும் கள்ளியும் நாட்ட வேண்டும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணிவர்ம விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுக்க ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டான். அது செம்பில் ஏறியது மகன் ராஜேந்திரன் காலத்தில். அப்பா சொன்னதை மகன் முடித்த இந்த வேகத்தை உங்கள் சட்டப் பிரிவு ரசிக்கும். அந்தச் செப்பேட்டில் 5 ஏடு சம்ஸ்கிருதம், 16 ஏடு தமிழ். வம்சப் பெருமை பெரும்பாலும் சம்ஸ்கிருதத்தில். எல்லை, வரி, உரிமை என்று வேலை சம்பந்தப்பட்டதெல்லாம் தமிழில். விளம்பரத்துக்கு 5, விவரத்துக்கு 16 என்ற இந்த விகிதத்தை உங்கள் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூக்கிச் செல்லும் வசதியில் செம்புக்கு முழு மதிப்பெண். சுமார் 30 கிலோ எடையுள்ள இந்த 21 ஏடுகளும் டச்சுக்காரர்களோடு கப்பலேறி லெய்டன் பல்கலைக்கழகம் வரை போயின. உள்ளூரில் ஒரு பேக்கப் வையுங்கள் என்று இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது?

ஓலை மலிவு. எடையும் இல்லை. ஆனால் ஆள் வேண்டும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் ஓலைக்குப் புல்தைலம் தடவுகிறார்கள்; பூச்சி அண்டாமலிருக்க வசம்பு கலந்த பொடிப் பொட்டலம் வைக்கிறார்கள். எத்தனை தைலம் தடவினாலும் சில நூறு ஆண்டுக்கு ஒரு முறை யாராவது உட்கார்ந்து புது ஓலையில் எழுதியாக வேண்டும். அங்கே சுமார் 49,000 சுவடிகள் பிழைத்திருப்பது நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுத வைத்ததால்தான். பர்னெல் தயாரித்த சம்ஸ்கிருதச் சுவடி அட்டவணை 1880-இல் வெளியானது. உள்ளே இருப்பது என்ன என்பதற்கு ஒழுங்கான அட்டவணை கிடைக்கவே அவ்வளவு காலம் ஆனது என்று சொல்லி, உங்கள் தேடல் பெட்டியைப் பற்றிப் புகார் செய்கிறவர்களைச் சமாதானப்படுத்தலாம்.

நான்காவது கருவி மனிதன். கிராமக் கணக்குப்பிள்ளை. எந்தத் தாக்கு யார் சாகுபடியில் இருக்கிறது, எந்த வாய்க்காலில் யாருக்கு முதல் தண்ணீர், எவர் பாட்டன் எவருக்கு விற்றார் என்பதெல்லாம் பாதி அடங்கலிலும் மீதி அவர் தலையிலும் இருந்தன. தேடல் வேகம் அபாரம், வாசலில் நின்று, "ஐயா, நம்ம வடக்கு வெளி நிலம்..." என்று இழுத்தால் போதும், சர்வே எண் வந்து விழும். கட்டணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரை உரிமை என்பதால் வேறு கருவிக்கு மாறவும் முடியாது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்குக் கட்டு கைமாறியது. தலையில் இருந்த பாதி?

அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமைப் பதிவேட்டு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. இன்று கணினிப் பட்டாவுக்கு அடிப்படை அதுதான். "யு.டி.ஆர்.ல தப்பா ஏறிப்போச்சு" என்ற வாக்கியத்தைப் படுகையில் எந்தத் தாலுகா அலுவலக வாசலிலும் கேட்கலாம். அப்பா பெயர் மாறியிருக்கும். உட்பிரிவு விட்டுப் போயிருக்கும். வித்தவர் பெயரிலேயே பட்டா நிற்கும். இப்போது எந்நேரமும் எங்கிருந்தும் அந்தப் பட்டாவை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வேகம் கூடியிருக்கிறது, தப்பும் அதே வேகத்தில் இறங்குகிறது. உங்கள் 'இதுதான் ஃபைனல் சார்' கோப்பைச் சரிபார்க்காமல் புதுக் கருவியில் ஏற்றப் போகிறவர்கள் ஒரு நாள் ஜமாபந்திக்குப் போய் உட்கார்ந்து மனுக்களைக் கேட்டுவிட்டு வரலாம்.

டெமோவுக்கு வருகிறவரிடம் அவர் கொண்டுவந்த மாதிரிக் கோப்பை ஓட்ட விடாதீர்கள். நீங்கள் ஒன்று கொடுங்கள். நடவு இயந்திரத்துக்கு ஒரு கையேடு, மூன்று பதிப்பு. குறுவைக்கு ஏ.டி.டீ. 43 மாதிரிக் குறுகிய கால ரகம், சம்பாவுக்கு சி.ஆர். 1009 மாதிரி நீண்ட கால ரகம், தாளடி தனி. நாற்றங்கால் தயாரிப்பும் இயந்திரப் பராமரிப்பும் மூன்றுக்கும் பொது; தேதியும் நாற்றின் வயதும் வேறு. இப்போது மேட்டூர் அணை ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, தள்ளிப் போகிறது என்று சொல்லுங்கள். எத்தனை இடத்தில் கை வைத்தால் மூன்று பதிப்பும் திருந்தும் என்று மட்டும் பாருங்கள். ஓரிடத்தில் என்றால் நல்ல கருவி. பதினேழு இடத்தில் என்றால் உங்கள் வேர்டு கோப்பே போதும். "அது அடுத்த வெர்ஷன்ல வருது சார்" என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம். இதில் சோழர் கால ஒப்பந்தத்தைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு கொடுத்தார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயர் கல்லில் இருக்கும். அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கிழடு கழிந்தாலும் குட்டி வந்து சேர்ந்து கணக்கில் எப்போதும் 96 நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு விலையேற்றம் இல்லை, புதுப்பித்தல் இல்லை, ஆள் தலைக்கு லைசென்ஸ் இல்லை. உங்கள் ஏ.எம்.சி.யில் இப்படி ஒரு ஷரத்து சேர்க்க முடியுமா என்று பிரதிநிதியைக் கேளுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "தொண்ணூத்தாறா? அப்ப நூறு யூசர் பேக்கா எடுத்துக்கங்க சார், அதுதான் லாபம்" என்பார்.