தாமதவியல் நோக்கில் சூரியாஸ்தமனம்: புக்கெட் தீவின் ஸ்கூட்டர் உலா குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

தாய்லாந்தின் புக்கெட் தீவில் மாலைதோறும் ஒரு காரியம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர்களில், முன்னால் போகும் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து, கரோன், கட்டா, நைஹார்ன் கடற்கரைகளைத் தாண்டித் தீவின் தென்கோடியிலுள்ள ப்ரோம்தேப் முனைக்குப் போய், சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சங்க இலக்கியத்தில் கொசு முதல் கம்பனில் கொட்டாவி வரை எதையும் விட்டுவைக்காத நம் முனைவர் பட்ட உலகம் இதை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

ஆய்வுச் சிக்கலை முதலில் சொல்லிவிடலாம். உலா மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். சூரிய வட்டத்தின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல்விளிம்பு முழுகும்வரை அந்த அட்சரேகையில் ஆவது இரண்டு நிமிடமும் சில விநாடியும். காசு கொடுத்த பொருள் மொத்த நேரத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான் என்றால், மீதி தொண்ணூற்றெட்டே முக்கால் பங்கில் என்ன நடக்கிறது? தாமதம் நடக்கிறது என்பது என் கருதுகோள். சூரியாஸ்தமன உலா என்பது சூரியனைப் பற்றியது அன்று. குறித்த நேரத்தில் எங்கும் போய்ச் சேராத மனிதர்களை, குறித்த நேரத்தைத் தவிர வேறு நேரமே அறியாத ஒரு பொருளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் கலை அது. இத்துறைக்குத் தாமதவியல் என்று பெயர் சூட்டுகிறேன்.

முன்னோர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது ஆய்வு மரபு. இதே அந்தமான் கடற்கரையில், புக்கெட்டுக்கு வடக்கே தகுவாபா பகுதியில், ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தைப் பற்றியும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைப் பற்றியும் அது பேசுகிறது. வங்கக் கடலைத் தாண்டி வந்து, மேற்குப் பார்த்த கரையில் இறங்கிய நம் ஆட்கள் குளத்தைக் கல்லில் எழுதினார்கள். கண்ணெதிரே மாலைதோறும் கடலில் விழுந்த சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் பார்க்கவில்லை என்பதற்கில்லை. சரக்கு இறக்கும் வேலை முடிந்து நிமிர்ந்தபோது இருட்டியிருக்கும் என்பதே என் துணிபு. தாமதவியலின் மிகப் பழைய மறைமுகச் சான்று இது.

இலக்கண நோக்கில் இந்த உலா நெய்தல் திணை. அதில் ஐயமில்லை. கடலும் கடல் சார்ந்த இடமும் முதற்பொருள். சிறுபொழுது எற்பாடு. பெரும்பொழுது ஆறுமே நெய்தலுக்கு உரியவை என்பார்கள். ஆனால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசி, கடற்கரையெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருக்கும் புக்கெட் இதை ஒப்புக்கொள்வதில்லை. கருப்பொருளில் தெய்வம் வருணன் என்பது நம் மரபு. ப்ரோம்தேப் முனையில் இருப்பவர் நான்முகப் பிரமன், சுற்றிலும் நேர்த்திக்கடனாக வைத்த யானைப் பொம்மைகள். நம்மூரில் கோயில் கிடைக்காமல் திண்டாடும் தெய்வத்துக்கு இங்கே கடல் பார்த்த மனை கிடைத்திருக்கிறது. உணவு, சுட்ட கணவாய். யாழ், யாருடைய பையிலோ பாடிக்கொண்டிருக்கும் புளூடூத் ஸ்பீக்கர். உரிப்பொருளாகிய இரங்கல் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே: அன்று தலைவன் திரும்பாததற்கு, இன்று கைபேசியில் நாலு சதவீதமே சார்ஜ் மிச்சமிருப்பதற்கு.

இதைத் தீவு உலா என்று சொல்லலாமா என்பதிலேயே கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. 1967-இல் சராசின் பாலம் திறந்ததிலிருந்து புக்கெட்டுக்குத் தரைவழியாகவே பஸ்ஸில் வரலாம். பாலம் போட்டாலும் தீவு தீவே என்று தீர்ப்பளித்து மேலே செல்கிறேன். இல்லாவிட்டால் ராமேசுவரத்துக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி மாந்தர். தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்டது, உரிமமும் வேண்டும். கழுத்தில் அட்டை தொங்க, வெயிலில் கறுத்த, அவசரமே படாத அந்த மனிதர்தான் இந்த ஆய்வின் தலைவர். அவருக்குப் பின்னால் குழு. கடைசியில் இன்னொரு வண்டி. அதை ஓட்டும் பையனின் வேலை யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. நடுவில் போகிறவர்களைத் தமிழர், பிறர் என இரண்டாகப் பகுக்கலாம்.

தமிழருக்கு அங்கே வண்டி ஓட்டுவதில் சிரமம் கிடையாது. நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். இதுவும் நம் சட்டம்தான், நாம் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கிறோம், அவ்வளவே. இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும் என்பதும் சரி. சிரமம் ஹாரனில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் ஹாரனை அநேகமாகத் தொடுவதில்லை. வளைவில் அடிக்காமல், முந்தும்போது அடிக்காமல், சும்மா இருக்கும்போதும் அடிக்காமல் ஒரு தமிழ்க் கட்டைவிரல் மூன்று மணி நேரம் இருப்பது என்றால் அது ஒரு தவம். நான் கவனித்த குழுவில் கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று இருந்தது. வண்டியை ஓட்டியவர் மனைவி. கட்டாவுக்கு மேலே ஏற்றத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவர், "அடி, அடி, ஹாரன் அடி" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். "நீங்க வாயால கத்துறதே போதுங்க" என்றார் அந்த அம்மாள். இருவரும் சேர்ந்து ஊர் வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பிறர் வகையில் ஒரு சுவீடன்காரர். இவருடைய தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று, வானியல். ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதச் சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குவதால், வட்டம் மறைய மட்டும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகும் இரவு முழுதும் வெளுத்தே கிடக்கும். அங்கே வளர்ந்தவர் சூரியன் நாலு விரற்கடை உயரத்தில் இருக்கும்போது காப்பி சொல்வது இயல்பு. பூமத்திய ரேகைக்கு அருகே அது செங்குத்தாக இறங்கும். காப்பி வரும், சூரியன் இருக்காது. தமிழர் நிலை இதற்கு மறுதலை. சூரியன் எவ்வளவு வேகமாக விழும் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும். தெரிந்தும் தாமதமாகப் போவோம்.

தாமதங்களை வகைப்படுத்த முயன்று தோற்றவர்கள் வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. இரண்டை மட்டும் குறிக்கிறேன். ஒன்று, பெட்ரோல் தாமதம். அங்கே சாலையோரப் பெட்டிக்கடையில் பழைய விஸ்கி பாட்டில்களில் பெட்ரோல் நிரப்பி அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். டேங்க் நிறைந்திருந்தாலும் சரி, அதைப் படம் பிடிக்காமல் ஒரு குழுவும் தாண்டியதில்லை. மற்றது, மூன்று கடற்கரைத் தாமதம். கரோன் காட்சிமுனையில் நின்றால் கட்டா நோய், கட்டா, கரோன் என மூன்று வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். ஒரு படத்தில் மூன்றும் வரவேண்டும், முகமும் வரவேண்டும், முகத்தில் கண் திறந்திருக்கவேண்டும். இந்த நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற எடுக்கும் நேரத்தை வழிகாட்டி "ஃபைவ் மினிட் ஒன்லி" என்றார். கடிகாரம் ஒத்துவரவில்லை.

தாமதமாகிவிட்டது. இனி விஞ்ஞானத்தால் சரிக்கட்ட முடியுமா? மேற்கு நோக்கி ஓட்டினால் சூரியனைத் துரத்தலாம் என்பது ஒரு யோசனை. அந்த அட்சரேகையில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. நாற்பதில் போகும் ஸ்கூட்டர் ஒரு மணி நேரம் விடாமல் மேற்கே போனால் ஒன்றரை நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் சாலை வடக்கிலிருந்து தெற்கே போகிறது. மேற்கே இருப்பது கடல். ஆகவே யோசனை தள்ளுபடி.

உயரத்தில் ஏறுவது இரண்டாவது யோசனை. இதில் சாரம் இருக்கிறது. உயர உயரத் தொடுவானம் கீழே இறங்கும். சூரியன் பிந்தி மறையும். நூறு மீட்டர் ஏறினால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றேகால் நிமிடம் லாபம். கரையோரச் சாலை ஏறி இறங்கி வளைந்து போவதன் உட்பொருள் இதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை என்ன நினைத்துப் போட்டதோ. மூன்றாவதைக் கடற்கரை மணலிலேயே செய்து பார்க்கலாம்: மல்லாந்து படுத்துக்கொண்டு, கடைசிப் பொட்டு மறைந்த கணத்தில் சட்டென்று எழுந்து நின்றால் அதே சூரியன் இன்னும் சில விநாடி தெரியும். ஒரு கட்டணத்தில் இரண்டு அஸ்தமனம். நைஹார்னில் இதை நான் பரிந்துரைத்தபோது யாரும் படுக்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். வளிமண்டலம் ஒளியை வளைக்கிறது. தொடுவானத்தருகே இந்த வளைவு கோணக் கணக்கில் 34 கலை. சூரிய வட்டத்தின் குறுக்களவோ 32 கலைதான். ஆகச் சூரியன் கடலைத் தொடுவதுபோல் நம் கண்ணுக்குத் தெரியும் கணத்தில், கணக்குப்படி அது முழுக்கக் கீழே போயாகிவிட்டது. நாம் பார்ப்பது போனவரின் பிம்பம். பாயை விரித்து முதல் வரிசையில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பவரும் சரி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓடி வருபவரும் சரி, எல்லோரும் தாமதம். அஸ்தமனத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் உலகில் ஒருவரும் இலர். இதைத் தாமதவியலின் முதல் தேற்றமாகக் கொள்க.

வழிகாட்டிக்கு இந்தத் தேற்றம் தெரியாது. ஆனால் இதற்கான பரிகாரம் தெரியும். புக்கெட் இருப்பது கிழக்கு 98 பாகை. அது பின்பற்றும் தாய்லாந்து நேரமோ 105 பாகைக்குரியது. அதனால் சூரியன் அங்கே கடிகாரப்படி அரை மணி நேரம் சுணங்கியே மறையும். ஜனவரி நடுவில் அஸ்தமனம் 6.25-ஐ ஒட்டி. புறப்படும்போது வழிகாட்டி எங்களிடம் சொன்ன நேரம் 5.50. பெட்ரோல் பாட்டில், மூன்று கடற்கரை, சுவீடன் காப்பி எல்லாம் முடிந்து, "போச்சு, போச்சு" என்று பதறிக்கொண்டு நாங்கள் முனையில் இறங்கியது 6.15. சூரியன் சாவகாசமாக மேலே நின்றுகொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு 'மாப்பிள்ளை அழைப்பு' நேரம் போட்டு உறவினரை மண்டபத்துக்குள் இழுக்கும் பெரியவர்களுக்கு இந்த நுட்பம் புரியும்.

முனையில் கூட்டம். 1996-இல் மன்னர் பூமிபோலின் ஆட்சிப் பொன்விழாவுக்கு எழுப்பிய கலங்கரை விளக்கம் ஒருபுறம், பிரமனும் யானைகளும் ஒருபுறம், நடுவே பல நாட்டு முதுகுகள். வழிகாட்டி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சூரியன் போனதும் கைதட்டினார்கள். உடனே பாதிப் பேர் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். நிறம் நன்றாகக் கூடுவது அதற்குப் பிறகு வரும் கால் மணி நேரத்தில்தான். அப்போது அவர்கள் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, நகராத வரிசையில், முன்வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பீட்டுக்காக ஒரு குறிப்பு. ப்ரோம்தேப் முனையும் மட்டக்களப்பும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பவை. இங்கே மறைந்த சூரியன் ஒரு மணி நேரமும் சில நிமிடமும் கழித்து அங்கே வாவியின் மேற்கே இறங்கும். தலைக்கவசம் வேண்டாம், கட்டணமும் இல்லை. இந்தத் தகவலை நான் குழுவினருக்கு அளித்ததை வழிகாட்டி விரும்பவில்லை.

திரும்பும் முன் கோயம்புத்தூர்க்காரர் அவரிடம் சூரிய உதயத்துக்கும் இப்படி உலா உண்டா என்று கேட்டார். உண்டு, கிழக்குக் கரைக்குப் போகவேண்டும், காலை நாலே முக்காலுக்கு ஹோட்டல் வாசலில் தயாராக நிற்கவேண்டும், ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டேன் என்றார் அவர். கணவர் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப அஞ்சே காலுக்கு அலாரம் வெச்சாப் போதுங்க" என்றார் அந்த அம்மாள்.